வள்ளிக்கிழங்கின் காயத்துக்கு வேப்பிலைச் சாறு

வள்ளிக்கிழங்கின் அழுகல் பெரும்பாலும் காயத்திலிருந்துதான் தொடங்குகிறது. மண்வெட்டி பட்ட இடம், ஏற்றி இறக்கும்போது தோல் பிய்ந்த இடம், எலி கடித்த இடம், நூற்புழு துளைத்த இடம் ஆகியவையே பூஞ்சைக்கு வாசல்.

இங்கே சொல்வது சர்க்கரைவள்ளியை அல்ல. ஈழத்தமிழர் கூழ் காய்ச்சும் இராசவள்ளியின் இனத்தைச் சேர்ந்த கொடிக்கிழங்கு இது. உலக விளைச்சலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நைஜீரியாவுடையது. அங்கே கம்புகளை நட்டு, கிழங்குகளை ஒவ்வொன்றாக அவற்றில் கட்டி, ஓலை நிழலில் காற்றாட வைத்து மாதக்கணக்கில் காக்கிறார்கள். உணவும் அதுவே, அடுத்த நடவுக்கு விதையும் அதுவே. குளிர்சாதனக் கிடங்கு உருளைக்கிழங்குக்குக் கைகொடுப்பதைப் போல இதற்குக் கைகொடுப்பதில்லை. வெப்பம் 12 டிகிரி செல்சியசுக்குக் கீழே நெடுநாள் இருந்தால் சதை பழுப்பேறிக் கெட்டுவிடும்.

லேசியோடிப்ளோடியா, ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர், ஃபியூசேரியம், பெனிசிலியம், ரைசோபஸ் ஆகியவை இக்கிழங்கை அழுகச் செய்யும் முக்கியப் பூஞ்சைகள். செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினை இவற்றின் நொதிகள் கரைப்பதால், கெட்டியான சதை குழைந்துபோகிறது. வெட்டுவாயில் விறகுச் சாம்பல் தடவுவது உழவரின் பழைய காவல். செயற்கைப் பூஞ்சைக்கொல்லிகளும் உண்டு. ஆனால் சாப்பிடும் கிழங்கில் அவற்றின் எச்சம் தங்கிவிடுமோ என்ற அச்சம் நியாயமானது.

அதனால்தான் நைஜீரிய ஆய்வாளர்கள் வீட்டைச் சுற்றி வளரும் செடிகளின் பக்கம் திரும்பினர். வேப்பிலை, பப்பாளி இலை, இஞ்சி, அந்நாட்டுச் சமையலில் சேரும் துளசியினக் கீரை ஆகியவற்றை அரைத்து, நீரிலோ எத்தனாலிலோ ஊறவைத்து வடிக்கிறார்கள். சாற்றைப் பூஞ்சை வளர்க்கும் அகர் ஊடகத்தில் கலந்து, பூஞ்சை எவ்வளவு பரவுகிறது என்று அளக்கிறார்கள். பல சோதனைகளில் நீர்ச்சாற்றைவிட எத்தனால் சாறே வலுவாக வேலை செய்தது. துளசியினக் கீரையிலுள்ள யூஜினால், தைமால் போன்ற எண்ணெய்ப் பொருள்கள் நீரில் அதிகம் கரையாதவை என்பது இதற்கு ஒரு காரணம். பூஞ்சை செல்லின் சவ்வைச் சிதைத்து, உள்ளிருப்பதைக் கசியவிடுவதே இவற்றின் வழி.

ஆய்வுக்கூடத் தட்டில் கிடைத்த வெற்றியை அப்படியே கிடங்கின் வெற்றியாகக் கொள்ள முடியாது. இலை பறித்த பருவம், மண், வடித்த விதம் ஆகியவற்றுக்கேற்பச் சாற்றின் வலு மாறும். வெயிலும் நாள்களும் அதைக் குறைக்கும். உழவர் கையில் எளிதாகக் கிடைப்பது வலுக்குறைந்த நீர்ச்சாறுதான் என்பது பெரிய இடைஞ்சல். அதைவிட முக்கியமானது நேரம். பூஞ்சை நுழைவதற்கு முன் காயத்தில் பூசிய சாறு காவல் நிற்கும்; சதைக்குள் வேர்விட்ட பூஞ்சையை மேற்பூச்சு எட்டாது.

கிழங்குக்கும் தற்காப்பு உண்டு. தோண்டியவுடன் ஏறத்தாழ 30 டிகிரி வெப்பத்திலும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதத்திலும் சில நாள் வைத்தால், காயத்தின்மேல் தக்கை போன்ற புதுத்தோல் கட்டும். ஆழமற்ற காயம் ஆறிவிடும். நசுங்கிய சதையில் புதுத்தோல் சரியாகக் கட்டாது. நசுங்கிய கிழங்குகளைப் பிரித்து முதலில் சமைத்துவிட வேண்டும். சாறு பூசியும் அவை நெடுநாள் நில்லா.