பிழை யார் கணக்கில்?

மெய்நிகர் இயந்திரம் என்பது ஒரு கணினிக்குள் நடக்கும் நல்ல நாடகம். நிஜச் செயலி சரியாகச் செய்வதை நடித்துக் காட்டுவது அதில் பாதி வேலைதான். நிஜச் செயலி எங்கே எப்படித் தடுக்கி விழுமோ, அங்கே அப்படியே விழவும் வேண்டும்.

1982-இல் வந்த இன்டெல் 80286 செயலியில் ஒரு வசதி இருந்தது. ஒரு வேலையை நிறுத்தி இன்னொன்றைத் தொடங்க, இயங்குதளம் ஒரே கட்டளை இட்டால் போதும். ஓடிக்கொண்டிருந்த வேலையின் ரிஜிஸ்டர்களை எழுதி வைப்பது, வரப்போகும் வேலையின் ரிஜிஸ்டர்களை எடுத்து வருவது எல்லாம் சிப்பின் பொறுப்பு. இதற்காக ஒவ்வொரு வேலைக்கும் டி.எஸ்.எஸ். என்றொரு பதிவு நினைவகத்தில் இருக்கும். 80386-இல் அது குறைந்தது 104 பைட். லினக்ஸின் முதல் வடிவங்கள் இதை நம்பியே ஓடின. பின்னர் கைவிட்டார்கள். 64 பிட் முறையில் இந்த வேலைமாற்ற வசதி அறவே இல்லை.

ஆனாலும் 32 பிட் லினக்ஸும் விண்டோஸும் ஓர் இடத்தில் அதை விடவில்லை. ஒரு பிழையைக் கையாளப் போகும்போதே இன்னொரு பிழை வந்தால் அது இரட்டைப் பிழை, எண் 8. அப்போது ஸ்டாக்கே கெட்டுப்போயிருக்கலாம். வேலையை மாற்றினால் புது ஸ்டாக் கிடைக்கும். இன்டெல்லின் மெய்நிகராக்க வசதியோ, மெய்நிகர் இயந்திரத்துக்குள் ஓடும் விருந்தினர் இயங்குதளம் இப்படி மாறப் பார்த்ததுமே ஓட்டத்தை நிறுத்தி, மேலே இருக்கும் மென்பொருளிடம் ஒப்படைத்துவிடுகிறது. லினக்ஸில் அந்த மென்பொருளான கே.வி.எம். இந்த மாற்றத்தை ஒவ்வொரு படியாகத் தானே செய்தாக வேண்டும்.

சிக்கல் இங்கேதான். மாற்றம் பாதியில் இருக்கும்போது பிழை (எக்செப்ஷன்) வந்தால் அது பழைய வேலையின் பிழையா, புதியதன் பிழையா? பெட்ரோல் பங்க்கில் ஷிஃப்ட் மாறும்போது, ரீடிங் எழுதிக் கையெழுத்துப் போடும்வரை குறையும் பணம் பழைய ஆளின் கணக்கு. போட்ட பிறகு புதிய ஆளுடையது. செயலியிலும் அப்படி ஒரு கோடு உண்டு. புதிய டி.எஸ்.எஸ். செல்லுமா, நினைவகத்தில் இருக்கிறதா என்ற சோதனைகள் கோட்டுக்கு முன்னால். அங்கே தவறினால் பழைய வேலையே பிழையைச் சந்திக்கும், எதுவும் மாறாதது போல. கோட்டைத் தாண்டிய பின் செக்மென்ட் (நினைவகப் பகுதி) விவரங்களை ஏற்றும்போது தவறினால், இன்னும் ஒரு கட்டளைகூட ஓடாத புதிய வேலையின் தலையில் பழி விழும். கொஞ்சம் அநியாயம்தான், ஆனால் விதி அது.

அதனால் கே.வி.எம். முதலில் எல்லாச் செக்மென்ட்களின் எண்களையும் வைத்துவிட்டு, பிறகுதான் விவரங்களை ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. ஒவ்வொன்றாக முழுமையாக ஏற்றினால், நடுவில் பிழை வரும்போது பாதி ரிஜிஸ்டர்கள் பழைய வேலையுடையவை. எக்செப்ஷனே மாற்றத்தைத் தூண்டியிருந்தால், காத்திருக்கும் அந்த எக்செப்ஷனை அழித்துவிடவும் வேண்டும். மறந்தால் ஒரே பிழை இரண்டு முறை பட்டுவாடா ஆகும்.

இவ்வளவு அக்கறைக்கும் எல்லை உண்டு. டி.எஸ்.எஸ். சாதாரண நினைவகத்தில் இல்லாமல், ஏதோ ஒரு சாதனத்தின் முகவரியில் இருந்தால் கே.வி.எம். சமாளிக்கப் பார்ப்பதில்லை. உள்பிழை என்று சொல்லி, தன்னை இயக்கும் நிரலிடமே கையை விரித்துவிடுகிறது.