ஈறு வீங்கினால் மூளைக்கு என்ன?

காலையில் பல் தேய்ப்பதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவிப் பாருங்கள். வழவழவென்று ஏதோ படிந்திருக்கும். நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் துணி வியாபாரியாக இருந்த லேவன்ஹூக், அதைச் சுரண்டி மழைநீரில் கலந்து, தானே செய்த உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தார். உள்ளே குட்டி உயிர்கள் துள்ளி ஓடின! இத்தனைக்கும் அவர் உப்பு போட்டுப் பல் தேய்க்கிறவர். 1683-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதைப் பற்றிக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தவை பாக்டீரியாக்கள்.

பல் தேய்க்காமலே விட்டால் என்ன ஆகும்? டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 12 பேரைப் பல் தேய்ப்பதை நிறுத்தச் சொன்னார்கள். (உங்களில் சிலருக்கு ஆசையாக இருக்கும்!) மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு சிவந்து வீங்கிவிட்டது. மறுபடி தேய்க்கத் தொடங்கியதும் சில நாளிலேயே சரியாயிற்று. 1965-இல் வெளிவந்தது இந்த ஆய்வு.

ஆனால் வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் பல்லைத் தாங்கும் எலும்பே கரையும். புண்ணான ஈறு வழியாக பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும். ரத்தம் உடம்பெங்கும் போகுமே! அப்படியானால் மூளைக்கும் போகுமா?

வயதான சிலருக்கு வரும் அல்சைமர் என்ற மறதி நோயில், மூளை செல்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. அமிலாய்டு என்ற புரதம் மூளையில் திட்டுத் திட்டாகச் சேர்கிறது. ஈறு நோயை உண்டாக்கும் ஒரு பாக்டீரியாவின் பெயர் போர்ஃபிரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ். அது சுரக்கும் நச்சுப் புரதங்களின் தடயம் அல்சைமர் நோயாளிகளின் மூளையில் இருப்பதாக 2019-இல் ஓர் ஆய்வுக் குழு எழுதியது. அந்த பாக்டீரியாவை எலிகளின் வாயில் விட்டபோது, அது எலி மூளைக்கும் போனது, அமிலாய்டும் கூடியது.

உடனே, 'கண்டுபிடித்தாயிற்று, பல் தேய்த்தால் மறதி நோய் வராது' என்று சொல்லிவிடலாமா? கூடாது. அந்த நச்சை முடக்கும் மருந்தை 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் சோதித்தார்கள். 2021-இல் முடிவு வந்தது: மறதி வளரும் வேகத்தை மருந்து குறைத்ததாகக் காட்ட முடியவில்லை. எலிக்கு நடப்பதெல்லாம் மனிதருக்கும் நடக்கும் என்பதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஈறு கெட்டவர்களிடம் மறதி நோய் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் ஈறு கெட்டதால் மறதி வந்ததா, மறதி வந்ததால் பல் தேய்க்க மறந்து ஈறு கெட்டதா? புகைப்பழக்கமும் சர்க்கரை நோயும் ஈற்றையும் கெடுக்கும், மூளையையும் கெடுக்கும். யார் யாரைக் கெடுத்தார்கள் என்று பிரித்துப் பார்ப்பது லேசான வேலையில்லை. மறதி வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளையில் மாற்றம் தொடங்கிவிடுவதால், நடுத்தர வயதிலிருந்தே ஆட்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டியிருக்கிறது.

ஒன்று மட்டும் இப்போதே தெரியும். மறதி நோய் உள்ளவர்களுக்குப் பல் வலி வந்தால் பலருக்கு அதைச் சொல்லத் தெரியாது. உங்கள் தாத்தாவோ பாட்டியோ அப்படி இருந்து, பிடித்த சாப்பாட்டைக் கூடத் தட்டோடு தள்ளிவிட்டால், வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்: "அவங்க வாயைத் திறந்து பாருங்க, பல் வலியா இருக்கலாம்."