சொல்லில் தெளிவில்லையேல் செயலில் தவறு

செயற்கை நுண்ணறிவு என்றதும், கேட்ட கேள்விக்குப் பதில் எழுதித் தரும் கணினி என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் இன்று அது பதிலோடு நின்றுவிடுவதில்லை. பயணச்சீட்டு பதிவு செய்கிறது. மருத்துவரைக் காண நேரம் குறிக்கிறது. அலுவலகக் கணக்கில் பழைய ரசீதைத் தேடி எடுக்கிறது. இப்படி ஒருவருக்காக வேலை பார்க்கும் மென்பொருளை ‘முகவர்’ என்கிறார்கள்.

முகவர் இவ்வேலைகளை எப்படிச் செய்கிறது? விமான நிறுவனமோ மருந்தகமோ, பிற மென்பொருள்கள் வந்து கேட்பதற்காகத் தன் கணினியில் ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கும். அதற்கு ‘ஏபிஐ’ என்று பெயர். வங்கி முகப்பைப் போன்றது அது. படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் வேலை நடக்கும். உள்ளே நடப்பது வெளியில் நிற்பவருக்குத் தெரியாது.

அந்த வாசல் முகவருக்கு ஒரு ‘கருவி’யாகத் தரப்படுகிறது. கருவியின் பெயர், அது செய்யும் வேலை, அதற்குத் தர வேண்டிய விவரங்கள் ஆகிய மூன்றும் எழுத்தில் இருக்கும். 2023 ஜூனில் ஓப்பன்ஏஐ நிறுவனம் இந்த வசதியைத் தன் ஏபிஐயில் சேர்த்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்ற பொது நெறிமுறை, ஒரே கருவியை வெவ்வேறு முகவர்கள் பயன்படுத்த வழிசெய்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கருவியை இயக்கும் நிரல் பொதுவாக முகவரின் பார்வைக்கு வருவதில்லை. எழுதிவைத்த குறிப்பைத்தான் அது நம்புகிறது. மனிதர் என்றால் ஐயம் எழும்போது பக்கத்து மேசையில் கேட்டுக்கொள்வார். முகவரோ பல வேளைகளில் தானாகவே ஊகித்துக்கொள்ளும்.

ஊகம் எங்கே தவறுகிறது?

03/04/2026 என்ற தேதி மலேசியருக்கும் சிங்கப்பூரருக்கும் ஏப்ரல் 3. அமெரிக்கருக்கோ அது மார்ச் 4. குறிப்பில் ‘தேதி’ என்று மட்டும் இருந்தால் முகவர் எதை எடுத்துக்கொள்ளும்? ‘ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில், 2026-04-03 என எழுதுக’ என்றிருந்தால் குழப்பமே இல்லை.

பெயரை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழர் பலரின் அடையாள அட்டையில் தம் பெயர், அடுத்து ஏ/எல் அல்லது ஏ/பி, அதன்பின் தந்தையின் பெயர் இருக்கும். இவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ‘குடும்பப் பெயர் தருக’ என்று மட்டும் குறிப்பு சொன்னால், முகவர் ஏதாவது ஒன்றை இட்டு நிரப்பும். கடப்பிதழிலும் பயணச்சீட்டிலும் பெயர் வேறுபட்டால் விமான நிலையத்தில் அவதிப்படுபவர் பயணிதான்.

‘சந்திப்பை நிர்வகிக்கும்’ என்ற குறிப்பும் ஆபத்தானதே. நோயாளி வேறு நாள் கேட்கும்போது, முகவர் முதலில் பழைய நேரத்தை ரத்து செய்துவிட்டால்? நெடுநாள் காத்திருந்து பெற்ற நேரம் கைவிட்டுப் போகும். புதிய நேரமும் கிடைக்காமல் போகலாம்.

அனுபவம் தந்த பாடம்

ஆந்த்ரோபிக் பொறியாளர்கள் 2024இல் ஓர் அனுபவத்தை எழுதினர். கோப்பு இருக்கும் இடத்தைச் சுருக்கமான பாதையில் குறித்தபோது, முகவர் வேறு அடைவுக்குச் சென்றபின் தவறு செய்தது. முழுப் பாதையைத்தான் தரவேண்டும் என்று கருவியை மாற்றினர், தவறு நின்றது. 2025இல் வெளியான மற்றொரு கட்டுரையில், கிளாட் தேடல் சொற்களோடு தேவையின்றி ‘2025’ என்று சேர்த்துவந்ததைக் குறிப்பிட்டனர். கருவியின் விளக்கத்தைத் திருத்தி அதைச் சரிசெய்தனர்.

எப்படி எழுதுவது?

‘ஏற்கெனவே உள்ள சந்திப்பை வேறு நேரத்துக்கு மாற்றும். புதிய நேரம் உறுதியான பிறகே பழையது நீங்கும். சந்திப்பே வேண்டாம் என்பவருக்கு ரத்துக் கருவியைப் பயன்படுத்துக. நேரம் மலேசிய நேரப்படி.’ இந்த நான்கு வரிகளில் கருவி செய்வது, செய்யாதது, அதன் விளைவு எல்லாம் வந்துவிடுகின்றன. நிரலும் சொன்னபடியே நடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பிழை நேரும்போது வரும் செய்தியும் தெளிவாக இருக்க வேண்டும். ‘பிழை 400’ என்பதால் பயனில்லை. ‘தேதி கடந்துவிட்டது, இன்றைக்குப் பிந்திய தேதி தருக’ என்றால் முகவர் தானே திருத்திக்கொள்ளும்.

ஆயினும் எழுத்து மட்டுமே காவல் ஆகாது. பணம் செலுத்துவது, பதிவை அழிப்பது போன்ற மீட்க முடியாத செயல்களுக்குப் பயனரின் ஒப்புதல் பெறும் தடை நிரலிலேயே இருக்க வேண்டும்.

குறிப்பு தெளிவாக உள்ளதா என்று அறிய ஓப்பன்ஏஐ தன் வழிகாட்டியில் எளிய சோதனை ஒன்றைச் சொல்கிறது. குறிப்பை மட்டும் ஒரு பயிற்சி ஊழியரிடம் கொடுத்தால் அவரால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய முடியுமா? அவர் என்ன கேள்வி கேட்பாரோ, அதற்கான பதிலைக் குறிப்பிலேயே சேர்த்துவிட வேண்டும்.