பிளஸ் டூ முதல் பி.ஏ. தமிழ் வரை: ஒரு மணிக்கணக்கு

அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழுக்கு விண்ணப்பிக்க அண்மை ஆண்டுகளில் ஆன செலவு 50 ரூபாய். விண்ணப்பத்துக்கு 48, பதிவுக்கு 2. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அந்த 2 ரூபாய் மட்டும். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகையும் உண்டு: மாணவிகளுக்குப் புதுமைப் பெண் (2022), மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் (2024). 3 ஆண்டுக்கு 36,000 ரூபாய். பஸ், விடுதிச் செலவு தனி. ஆனாலும் இந்தப் படிப்பில் பிள்ளைகள் தடுக்கி விழுவது பணத்தில் அல்ல, வாசிப்பு நேரத்தில்.

மொழிப் படிப்பு அல்லாத பாடப்பிரிவுகளுக்கு 4 பாடங்களின் 400 மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போடுகிறார்கள். தமிழுக்குத் தமிழ்த்தாளின் 100 மட்டுமே கணக்கு. அதில் 10 அகமதிப்பீடு, 90 எழுத்துத் தேர்வு. அந்த 90-இல் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, மனப்பாடத்துக்கு 6, நெடுவினா மூன்றுக்கு 18. இலக்கிய நயம் பாராட்டும் வினாவுக்கு 4 மதிப்பெண். அதுவும் தேர்ந்தெடுத்து எழுதும் வரிசையில்தான் வருகிறது. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். ஆகவே 95 வாங்கிய பிள்ளை, யாரும் நடத்தாத ஒரு பழம்பாட்டைத் தானாகப் பிரித்துப் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

கல்லூரியில் காத்திருப்பது எவ்வளவு? சங்கப் பாடல்கள் 2,381. தொல்காப்பியத்தில் 27 இயல்கள். நன்னூலில் 462 நூற்பாக்கள். செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் பட்டியலிட்டிருக்கும் செவ்வியல் நூல்கள் 41. கம்பனும் பாரதியும் புதுமைப்பித்தனும் அந்த 41-க்கு வெளியே.

இனி நேரம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள், ஆறு நாள் சுழற்சியில் 15 சுற்று. ஒரு முதன்மைத் தாளுக்குச் சுற்றுக்கு 5 மணி என்றால் 75 மணி நேரம். குறுந்தொகையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கடவுள் வாழ்த்தோடு 402 பாட்டு. பாட்டுக்கு 15 நிமிடம் என்று வைத்தாலே 100 மணி நேரத்தைத் தாண்டுகிறது. அதனால்தான் தாளில் சில பாடல்களைத் தேர்ந்து வைக்கிறார்கள். மிச்சத்தை மாணவரே படித்துக்கொள்வார் என்பது எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்புதான் பொய்த்துப்போகிறது.

சிக்கல் எந்த இடத்தில் என்று பாருங்கள். ‘செந்தமிழ்’ என்று கொடுத்தால் செம்மை + தமிழ், ஈறுபோதல், முன்னின்ற மெய் திரிதல் என்று பிளஸ் டூ மாணவி கடகடவென எழுதிவிடுவாள். அதே மாணவி ஒரு பாட்டின் நடுவே ‘பொற்றொடி’யைக் கண்டால் நின்றுவிடுகிறாள். பொன் + தொடி என்று பிரிக்கவேண்டும். பிறகு அது வளையலை அல்ல, பொன்வளையல் அணிந்தவளைக் குறிக்கும் அன்மொழித்தொகை என்று பிடிக்கவேண்டும். விதி அவளுக்குத் தெரியும். கேள்வித்தாளுக்கு வெளியே அது பயன்படும் என்று யாரும் காட்டவில்லை, அவ்வளவுதான்.

பொதுத்தேர்வு முடிந்து கல்லூரி திறக்க ஏறக்குறைய 3 மாதம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் 90 மணி. என் பங்கீடு இது: குறுந்தொகையில் 100 பாட்டு, பாட்டுக்கு 20 நிமிடம், 33 மணி. முதலில் உரையை மூடிவைத்துப் பிரிப்பது, பிறகு உரையைத் திறந்து சரிபார்ப்பது. நன்னூலின் புணரியல் பகுதிக்கு 20 மணி. அலகிடப் பழக 10 மணி. ஓரசை 2, ஈரசை 4, மூவசை 8, நாலசை 16 என வாய்பாடு மொத்தம் 30தான், ஒரு வாரத்தில் வசப்படும். வாரம் ஒரு பக்கம் சொந்த நடையில் கட்டுரை, 12 மணி. நெடும்பாட்டு ஒன்று வேண்டும் என்றால் 782 அடி மதுரைக்காஞ்சியில் கைவைக்காதீர்கள்; 103 அடி முல்லைப்பாட்டு 6 மணியில் முடியும். மீதி 9 மணி சிறுகதைகளுக்கு.

நூல்களுக்குச் செலவு இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டமும் இலவசம். சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியையும் இணையத்தில் காசில்லாமல் புரட்டலாம். அனுபந்தத்தோடு சேர்த்து 1,17,762 சொற்கள். வழிகாட்டி நோட்ஸ் வாங்கும் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

ஆனால் இதையெல்லாம் விடுமுறைத் தலையில் மட்டும் சுமத்துவது நியாயமில்லை. பதினொன்றிலும் பன்னிரண்டிலும் ஆண்டுக்கு 30 வாரம், வாரம் ஒரு பாட்டு, பாடநூலில் இல்லாதது, 20 நிமிடம். இரண்டு ஆண்டில் 60 பாட்டு, 20 மணி நேரம். மேல்நிலைத் தமிழாசிரியர்களே, அந்த 20 நிமிடத்தை ஒதுக்கிக் கொடுங்கள். தேர்வில் அதற்கு மதிப்பெண் வராது. கல்லூரியில் முதல் செமஸ்டரே வித்தியாசம் தெரியும்.