மெலிந்த உடம்பில் கொழுத்த ஈரல்

சென்ற வருடம் வயிற்று வலிக்காக யாழ்ப்பாணத்தில் ஸ்கேன் எடுத்தேன். "ஈரலில கொழுப்புப் படிஞ்சிருக்கு மாஸ்டர்" என்றார் டொக்டர். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நயினாதீவில் பிள்ளைகள் என் முதுகுக்குப் பின்னால் 'நெத்தலி மாஸ்டர்' என்று சொல்வது எனக்குத் தெரியும். குறிகட்டுவானில் படகேறி வீடு வந்து சொன்னபோது உம்மாவும் நம்பவில்லை. "உனக்குக் கொழுப்பு வாயில மட்டும்தானே" என்றார்.

தமிழில் கொழுப்பு என்றால் திமிர் என்றும் பொருள். சங்கப் பாடல்களிலோ நிணம் விருந்தோடு சேர்ந்து வரும். உடம்பும் கொழுப்பைப் பகையாக நினைப்பதில்லை. ஏறக்குறைய எல்லாக் கலங்களுக்குள்ளும் அது சிறு துளிகளாகச் சேமிக்கப்படுகிறது. அகமுதலுருச் சிறுவலையில் அத்துளி பிறக்கிறது. ஒற்றைப் படலம் மூடிய எண்ணெய்ச் சொட்டு அது. மேலே பெரிலிபின் போன்ற புரதங்கள் காவல் நிற்கும். சாப்பிட்டதும் இன்சுலின் 'பூட்டி வை' என்கிறது. பசிக்கும்போது இன்சுலின் குறைய, நொதியங்கள் துளியைத் திறக்கின்றன. வெளிவரும் கொழுப்பமிலத்தை இழைமணிகள் எரிக்கின்றன.

இந்தத் துளியை நோய் என்று நினைப்பது தவறு. கட்டற்றுத் திரியும் கொழுப்பமிலம் கலத்துக்கு நஞ்சு. அதை அடைத்து வைப்பதே துளியின் வேலை. பிறவியிலேயே கொழுப்பிழையம் இல்லாத சிலர் உண்டு. பார்க்க ஒல்லியாக, தசை முறுக்கோடு இருப்பார்கள். ஆனால் அவர்களுக்குக் கடுமையான நீரிழிவும் கொழுப்பு ஈரலும் வருகின்றன. வைக்க இடமில்லாத கொழுப்பு ஈரலுக்கும் தசைக்கும் போய்விடுகிறது. அங்கே அதன் இடைநிலைப் பொருட்கள் இன்சுலினின் சொல்லைக் கேட்கவிடாமல் தடுக்கின்றன.

எங்கள் கதையும் இதற்குப் பக்கத்தில்தான். 2004இல் 'லான்செட்' இதழில் இருவரின் படம் வந்தது. ஒருவர் புனேயின் டொக்டர் யாஜ்னிக், மற்றவர் லண்டனின் யட்கின். இருவருக்கும் உடல் நிறைச் சுட்டி 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 வீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 வீதம். தராசு இதைக் காட்டாது. களனிப் பல்கலைக்கழக மருத்துவர்கள் ராகமையில் செய்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் மதுவால் வராத கொழுப்பு ஈரல் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இருந்தது. 'நாங்கள் குடிப்பதில்லையே' என்று நம்மவர்கள் ஆறுதல் கொள்ள வழியில்லை. நெய்யை மட்டும் குறை சொல்வதும் சரியல்ல. தேவைக்கு மேலான சோற்றையும் சீனியையும்கூட ஈரல் கொழுப்பாக மாற்றும். நான் நாளுக்கு ஆறு தேத்தண்ணி குடிப்பவன், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி.

மூளையின் கதை வேறு. அலோய்ஸ் அல்சைமர் தன் நோயாளியின் மூளையை நுண்காட்டியில் பார்த்து 1907இல் எழுதியபோது, நரம்புக் கலங்களைத் தாங்கும் கிளியாக் கலங்களில் கொழுப்பு இருப்பதையும் குறித்தார். பிறகு வந்தவர்கள் புரதப் படிவுகளிலேயே கண்ணாக இருந்தார்கள். கொழுப்பை மூளைக்குள் சுமக்கும் அப்போஈ என்ற புரதத்தின் நான்காம் வகை அல்சைமர் ஆபத்தைக் கூட்டுகிறது என்று 1993இல் தெரிந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2020இல் முதிய எலிகளின் மைக்ரோகிளியாக்களில் கொழுப்புத் துளிகள் நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். மைக்ரோகிளியா என்பது மூளையின் துப்புரவாளர். துளி நிறைந்தவை கழிவை விழுங்குவதில் மந்தமாக இருந்தன. 2024இல், அந்த நான்காம் வகையைத் தாய் தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற அல்சைமர் நோயாளிகளின் மூளையிலும் இத்தகைய கலங்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். துளியைக் கரைத்தால் மறதி தீருமா என்றால், அதற்கு இன்னும் நிறுவப்பட்ட மருந்து இல்லை.

இதை நான் தேடி வாசித்ததற்குக் காரணம் என் ஈரல் மட்டுமல்ல. உம்மாவுக்கு இருபது வருடமாக நீரிழிவு. இப்போது அலமாரித் திறப்பை வைத்த இடம் மறக்கிறார், சில நாள் என் பெயரும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு அதிகம். ஆனால் உம்மாவின் மறதி அதனால்தான் என்று எந்த டொக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. நானும் சொல்ல மாட்டேன்.

ஈரல் கொழுப்பு திரும்பக்கூடியது. உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து குறைந்தாலே அது கரையத் தொடங்கும். எடை குறையாவிட்டாலும் நடை உதவும். நோன்பில் பகல் முழுக்கத் துளிகள் திறக்கின்றன. மஃரிபுக்குப் பிறகு சமோசாவும் ரோல்ஸும் சர்பத்தும் அவற்றை நிரப்பிவிடுகின்றன. மருந்து எடுக்கும் நீரிழிவுக்காரர் நோன்புக்கு முன்பே டொக்டரிடம் கேட்க வேண்டும். உம்மா கேட்டுத்தான் பிடிக்கிறார். இந்த வருடம் ரோல்ஸ் கிழமைக்கு ஒருநாள் என்று ராத்தாவோடு பேசி முடித்திருக்கிறோம். சர்பத் விஷயத்தில் இன்னும் உடன்பாடு வரவில்லை.