ஆய்வறிக்கையின் மூன்று வரிகள்

பள்ளிக்கரணையில் என் அண்டை வீட்டு அம்மையார் தம் மார்பகப் புற்றுநோய் ஆய்வறிக்கையைக் காட்டி, ‘எத்தனையாவது நிலை?’ என்று மட்டுமே கேட்டார். நிலைக்கு இணையாக முக்கியமானவை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்று புரதங்களைக் குறித்த வரிகள். முதலிரண்டில் ஒன்று இருந்தாலும் ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் பெரும்பாலும் பலனளிக்கும். ஹெர்-2 மிகுதி, நோய் விரைந்து பரவும் அறிகுறியாக அஞ்சப்பட்டது. 1998-இல் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாப் மருந்து அனுமதி பெற்றபின் அப்புரதமே சிகிச்சையின் இலக்காயிற்று. மூன்றும் இல்லையெனில் கீமோதெரபியையே பெரிதும் நம்ப வேண்டியுள்ளது. ஹெர்-2 இல்லாத, ஹார்மோன் சார்ந்த தொடக்கநிலை நோய்க்கெனப் பெங்களூரில் உருவான ‘கேன்அசிஸ்ட்’ சோதனை, ஐந்து புரதங்களின் துணையால் நோய் திரும்பும் வாய்ப்பைக் கணிக்கிறது. கீமோதெரபி தேவைப்படாதோரை அறிய உதவுகிறது. சிகிச்சைக்கு முன்பே இம்மூன்று வரிகளைக் கேட்டறிவது நோயாளியின் உரிமை; ஏழைக்கும் அதை உறுதிசெய்வது அரசின் கடமை.