ஐஸ்பெட்டிக்குக் குழாய் போட்ட கதை

சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்கா, தன் சேமிப்பில் வீட்டுக்கு ஒரு புதிய ஐஸ்பெட்டி வாங்கித் தந்தார். கதவிலேயே குளிர்ந்த நீர் வரும் வகை. குவளையை வைத்து அழுத்தினால் போதும்.

இது ஆடம்பரத்திற்காக வாங்கியதன்று. பக்கவாதம் வந்த பிறகு பாட்டியின் இடது கை சரியாக வேலை செய்வதில்லை. போத்தலை ஒரு கையால் திறந்து சாய்த்து ஊற்ற அவரால் முடியாது. அப்பாவும் அம்மாவும் வேலைக்கும், நான் ஸ்கூடாயில் வகுப்புக்கும் போய்விட்டால், மேசையில் ஊற்றி வைத்த இரண்டு குவளை நீரோடு மாலை வரை சமாளிப்பார். “தண்ணிக்குக்கூட இன்னொருத்தர் கைய எதிர்பார்க்கணுமா” என்று ஒருமுறை அவர் முணுமுணுத்ததை அக்கா மறக்கவில்லை.

“ஆள் கூப்பிட வேண்டாம், நானே இணைக்கிறேன்” என்றேன். எஸ்பிஎம் தேர்வில் இயற்பியலில் ‘ஏ’ வாங்கிய துணிச்சல். ஐஸ்பெட்டிக்குப் பக்கத்திலேயே துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் இருந்தது. ஹார்ட்வேர் கடையில் இணைப்புத் துண்டு வாங்கி, வெள்ளை டேப் சுற்றி, கால் அங்குலக் குழாயைப் பொருத்தினேன். ஒரு சொட்டும் கசியவில்லை. ஆனால் கதவிலும் நூல் போலத்தான் நீர் வந்தது. ஒரு குவளை நிரம்ப ஐந்து நிமிடம் பிடித்தது. மறுநாள் காலையில் ஐஸ் தட்டு காலியாகவே கிடந்தது.

பெட்டி பழுது என்று வீட்டில் முடிவானது. திருப்பிக் கொடுத்தால் ஏற்றுகூலி நம் தலையில்தான். பாட்டி மெதுவாகச் சொன்னார்: “குடுத்துடுங்கம்மா. நான் எதுவும் கேக்கலையே.”

அந்த இரவுதான் பெட்டியோடு வந்த கையேட்டைப் படித்தேன். நீரின் அழுத்தம் குறைந்தது 20 பிஎஸ்ஐ இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டுத் தாமான் வீடுகளில் பொதுவாகச் சமையலறைத் தொட்டிக் குழாய்க்கு மட்டுமே தெருக்குழாயின் நீர் நேரடியாக வரும். மற்றவற்றிற்கெல்லாம் கூரைக்கடியில் உள்ள டேங்க் நீர்தான்.

பள்ளியில் நாம் மனனம் செய்த கணக்குதான் இது. நீரின் அழுத்தம் அதன் உயரத்தைப் பொறுத்தது. டேங்கின் அளவைப் பொறுத்ததன்று. 10 மீட்டர் உயர நீர் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் தரும். 20 பிஎஸ்ஐ என்றால் ஏறக்குறைய 1.4 பார்; அதற்கு டேங்க் 14 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மாடி! எங்கள் டேங்க்கோ பெட்டிக்கு மேலே மூன்று மீட்டரில் இருக்கிறது. 0.3 பார்தான் கிடைக்கும். பெட்டியில் பழுதில்லை, பழுது என் அவசரத்தில்.

மறுநாள் டேங்கிலிருந்து இறங்கும் குழாயின் வால்வை மூடிவிட்டு ஒவ்வொரு குழாயாகத் திறந்து பார்த்தேன். குளியலறையில் நின்றுவிட்டது, சமையலறைத் தொட்டியில் மட்டும் கொட்டியது. எது நேரடி நீர் என்று அறிய இந்தச் சோதனை போதும்.

இம்முறை தாமானில் குழாய் வேலை செய்யும் அண்ணனை அழைத்தோம். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். “மெஷின் பைப்புல டேங்க் தண்ணிதான் தங்கச்சி வரும்.” குழாயைத் துளைத்து மாட்டும் கவ்வி வால்வு மலிவாயிற்றே என்றேன். “ஓட்டை சின்னது, அடைச்சுக்கும். ரப்பர் தேஞ்சா பெட்டிக்குப் பின்னால ஒழுகும், யாருக்கும் தெரியாது” என்று மறுத்துவிட்டார். தொட்டிக்கடியில் குழாயை வெட்டி, ‘டீ’ இணைப்பும் தனி வால்வும் வைத்தார்.

அவரிடம் கற்றவை இவை. பெட்டியை இழுத்துத் துடைக்க வசதியாகப் பின்னால் குழாயைச் சுருளாக விட வேண்டும். இணைப்புகளைச் சுற்றி மெல்லிய தாளை வைத்து ஓர் இரவு பார்த்த பிறகே பெட்டியைச் சுவரோடு தள்ள வேண்டும். முதலில் வரும் சில லிட்டர் நீரையும் முதல் ஐஸையும் கொட்டிவிட வேண்டும். நீர் வெட்டு முடிந்து நிறம் மாறிய நீர் வந்தால், பெட்டியின் வால்வை மூடிவிட்டுத் தொட்டிக் குழாயைத் தெளியும் வரை திறந்துவிட வேண்டும்; இல்லாவிட்டால் வடிகட்டி சீக்கிரம் கெட்டுவிடும்.

வேலை முடிந்ததும் பாட்டிக்கு விளக்க முயன்றேன். இடைநிலைப்பள்ளியில் ‘தெக்கானான்’ என்று படித்ததற்கு, தமிழ்ப்பள்ளியில் கேட்ட ‘அழுத்தம்’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்தேன். நான் முடிக்குமுன் அவரே சொன்னார்: “இதத் தெரியாதா? குலாய் பக்கம் தோட்டத்துல இருந்தப்ப, பள்ளத்து லயத்துல கொட்டும். மேட்டு லயத்துல எங்களுக்குச் சொட்டும். விடியுமுன்ன வாளியோட கீழ இறங்குவோம்.” நான் சூத்திரமாகப் படித்ததை அவர் வாளியில் சுமந்திருக்கிறார்.

அக்கா நாள்தோறும் கடக்கும் கடற்பாலத்தின் ஓரத்தில் பெரிய நீர்க்குழாய்கள் ஓடுகின்றன. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 250 மில்லியன் கேலன் வரை சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். ஒப்பந்தம் 2061 வரை உண்டு. அத்தனை நீர் எல்லை தாண்டும் மாநிலத்தில், எங்கள் வீட்டில் ஒரு குவளை நீர் சமையலறையைத் தாண்ட இத்தனை பாடு!

நண்பர்களே, பாடநூலில் படித்ததை வீட்டுக் குழாயிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். தெரியாத வேலைக்குத் தெரிந்தவரை அழையுங்கள். அருகில் நின்று கற்றுக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் வகுப்பு முடிந்து திரும்பியபோது பாட்டி கேட்டார்: “வெயில்ல வந்திருக்க, தண்ணி குடிக்கிறியா?” நான் எழுமுன் அவரே வலக்கையில் குவளையை எடுத்துக்கொண்டு ஐஸ்பெட்டியை நோக்கி நடந்தார்.